மூன்று தவணையில் ஒரு வீடு

கட்ச் பூகம்பம் என்றால் இங்கே குஜராத்தில் எல்லோரும் முதலில் சாவுக் கணக்கைத்தான் சொல்வார்கள். 2001 ஜனவரி 26, காலை 8.46. செத்தவர்கள் பதிமூன்றாயிரத்துக்கும் மேல். எனக்கென்னவோ (பேங்க் புத்தி, வேறென்ன!) அதற்கப்புறம் மாநில அரசு பணம் கொடுத்த விதம்தான் ரொம்ப சுவாரசியம்.

விதிமுறை இல்லாமல் ஜனங்கள் சாகவில்லை. பூகம்பத்துக்கான கட்டட விதி, ஐ.எஸ். 1893, வந்தது 1962இல். அதற்கு முன்பே 1956இல் இதே கட்ச்சில் அஞ்சார் ஊர் இடிந்திருக்கிறது. 1970 வரைபடத்தில் கட்ச் ஐந்தாம் மண்டலம், அப்போதைய உச்சபட்ச ஆபத்து. ஆனால் விதி வெறும் பரிந்துரையாகவே கிடந்தது. கிராமங்களில் கல்லை மண்சாந்தில் அடுக்கிய சுவர்கள் சரிந்தன. (பழைய வட்ட மண்வீடுகள் பல தாக்குப்பிடித்தன. அதற்குப் பெயர் 'பூங்கா'. நம்ம ஊர் பூங்கா இல்லைங்க!) இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் அகமதாபாத்தில், கார் நிறுத்த கீழே வெறும் தூண்களோடு விட்ட அடுக்குமாடிகள் விழுந்தன. எழுநூறு பேருக்கு மேல் போனார்கள்.

பிப்ரவரி 8ஆம் தேதியே பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைத்தார்கள். உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன்கள் வந்தன. சில கிராமங்களைத் தொண்டு நிறுவனங்கள் கட்டிக்கொடுத்தன. பெரும்பாலான இடங்களில் வீட்டுக்காரரே கட்டிக்கொண்டார். பணம் அவர் வங்கிக் கணக்குக்கு வந்தது. இதற்காகவே லட்சக்கணக்கில் புதுக் கணக்குகள்!

பணம் மூன்று தவணை. முதல் தவணையில் வேலை ஆரம்பம். அரசாங்க என்ஜினியர் வந்து, வழிகாட்டுதல்படி இருக்கிறதா, லிண்டல் மட்டத்தில் சுற்றிவர கான்கிரீட் பட்டை ஓடுகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்தது. ஆயிரக்கணக்கான கொத்தனார்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். நாற்பது வருஷமாக புத்தகத்தில் இருந்த விதி, தவணை நிற்குமென்ற பயத்தில் சுவரில் ஏறிற்று.

2003இல் மாநிலப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. மத்திய சட்டம் 2005இல்தான். காந்திநகரில் நிலநடுக்க ஆராய்ச்சி நிறுவனமும் வந்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் நகரத்து ஃபிளாட்டுக்கு அரசு தவணை தருவதில்லை, நாங்கள்தான் தருகிறோம். ஃபைலில் பத்திரம், வில்லங்கம், மதிப்பீடு எல்லாம் இருக்கும். கட்டட உறுதிச் சான்றிதழும் இருக்கும், பில்டரே சம்பளம் கொடுத்து அமர்த்திய என்ஜினியர் எழுதியது.