வெங்காயத்தைச் சுட்ட துப்பாக்கி

நமக்கு ஊசி போடுவது சுலபம். ஒரே ஒரு செல்லுக்கு ஊசி போட வேண்டும் என்றால்? பெரும்பாலான செல்கள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, ஐம்பதில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும்!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் மார்ஷல் பார்பர் இதற்கு ஒரு வழி கண்டார். கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி இழுத்தால் முடியைவிட மெல்லிய நுனி கிடைக்கும். அதைத் திருகுகளால் நகர்த்தி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடியே குத்தினார். பிறகு பல ஆண்டுகள் நடந்ததெல்லாம் இதே முறையின் மெருகேற்றம்தான். 1980ல் மரியோ கபெக்கி இப்படி டி.என்.ஏ.வை நேராக செல்லின் உட்கருவுக்குள் செலுத்திக் காட்டினார். அதுவரை டி.என்.ஏ.வை செல்களின் மேல் தூவிவிட்டுக் காத்திருந்தார்கள். லட்சக்கணக்கான செல்களில் ஏதோ ஒன்று ஏற்கும். ஊசியில் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று ஏற்றது.

ஆனால் ஒவ்வொன்றாகத்தானே குத்த வேண்டும்? தாவர செல் என்றால் இன்னும் கஷ்டம். அதைச் சுற்றிக் கெட்டியான செல்சுவர் இருக்கிறதே.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஆள் வருகிறார். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜான் சான்ஃபோர்ட், 'குறி பார்ப்பதையே விட்டுவிட்டால் என்ன?' என்கிற மாதிரி யோசித்தார். 1983ன் இறுதியில் எட்வர்ட் வுல்ஃப் என்ற பொறியாளருடன் சேர்ந்து, டங்ஸ்டன் தூளைத் துப்பாக்கியில் வைத்து வெங்காயத்தைச் சுட ஆரம்பித்தார். (நிஜமாகத்தான்!) ஏன் வெங்காயம்? உரித்தால் வரும் மெல்லிய தோலில் செல்கள் பெரியவை, ஒரே அடுக்கு, மைக்ராஸ்கோப்பில் தெளிவாகத் தெரியும். முதலில் வெங்காயம் கூழாகிப் போனது. பிறகு தோட்டாவைப் பாதி வழியில் ஒரு தகடு தடுத்து நிறுத்த, அதன் துளை வழியாகத் தூள் மட்டும் பாயும்படி செய்தார்கள். தூளில் ஒட்டியிருந்த மரபுப்பொருள் செல்லுக்குள் போய் வேலை செய்வதை 1987ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். பின்னாளில் வெடிமருந்துக்குப் பதில் ஹீலியம் வாயு, டங்ஸ்டனுக்குப் பதில் தங்கத்தூள் என்று மாறியது. பல செல்கள் செத்துப் போகும், மரபணு எந்த இடத்தில் போய் உட்காரும் என்றும் சொல்ல முடியாது. ஆனால் ஒரே வெடியில் ஆயிரக்கணக்கான செல்கள். ஒன்று பிழைத்து வளர்ந்தாலும் லாபம்தான்.

1992ல் ஹவாய்த் தீவின் பூனா பகுதியில், பப்பாளித் தோட்டங்களில் வளையப்புள்ளி வைரஸ் புகுந்தது. மரங்களை வெட்டி எறிவதைத் தவிர விவசாயிகளுக்கு வேறு வழியில்லை. டென்னிஸ் கொன்சால்வெஸ் குழுவினர் அந்த வைரஸின் மேலுறைப் புரத மரபணுவையே இந்தத் துப்பாக்கியால் பப்பாளித் திசுவுக்குள் ஏற்கெனவே சுட்டு வைத்திருந்தார்கள். அந்தச் செடியின் வழிவந்த 'ரெயின்போ' ரக விதைகள் 1998 மே மாதம் விவசாயிகளுக்கு இலவசமாகவே கொடுக்கப்பட்டன. காய்ப்பு திரும்பியது. ஆனால் பழம் வாங்கும் ஜப்பான் அதை அனுமதித்தது 2011ல்தான்.