இழப்பும் சமநிலையும்: உடல்நலத்திலும் சமகாலக் கலையிலும்

உடல்நலம் என்பது சமநிலை. நோய் என்பது அதன் இழப்பு. மருத்துவ வரலாற்றில் மிகப் பழமையான கருத்துகளுள் இதுவும் ஒன்று. எய்ட்ஸ் நோய் பரவிய காலத்தில் இக்கருத்து கலைக்கூடத்துக்குள்ளும் நுழைந்தது. கியூபாவில் பிறந்த அமெரிக்கக் கலைஞர் ஃபெலிக்ஸ் கொன்சாலஸ்-டொரஸின் (1957–1996) படைப்புகள் இதற்குச் சிறந்த சான்றாகும்.

மருத்துவத்தில் சமநிலை

குருதி, சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் ஆகிய நான்கும் அளவோடு இருப்பதே நலம் என்று பண்டைய கிரேக்க மருத்துவர்கள் கருதினர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கேலன் இதனை விரிவாக்கினார். மிகுந்ததைக் குறைப்பதற்காகக் குருதி வடிக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் நீடித்தது.

அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன், உடல் தன் உள்நிலையைத் தானே காத்துக்கொள்வதை 1926இல் 'ஹோமியோஸ்டாசிஸ்' எனப் பெயரிட்டு அழைத்தார். இதன்படி சமநிலை என்பது அசைவற்ற நிலையன்று. எடுத்துக்காட்டாக, குருதிச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்களே வாழும். அழிவதற்கு ஈடாகப் புதியவை பிறந்துகொண்டே இருக்கின்றன. இழப்பு இல்லாமை அன்று, இழப்பை ஈடுசெய்யும் ஆற்றலே நலமாகும்.

ஈடுசெய்ய இயலாத இழப்பு

1981 ஜூன் மாதம் எய்ட்ஸ் நோய் முதன்முதலாக அமெரிக்க மருத்துவ அறிக்கையில் பதிவானது. எச்.ஐ.வி. கிருமி, நோய் எதிர்ப்புக்குத் தேவையான சி.டி.4 அணுக்களை அழிக்கிறது. நலமுள்ளவரின் ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் இவை பொதுவாக 500க்கு மேல் இருக்கும். 200க்குக் கீழே இறங்கினால் அது எய்ட்ஸ் நிலை. நோயாளிகள் பலர் கண்ணெதிரே எடை குறைந்து மெலிந்தனர்.

மிட்டாய்க் குவியல்

கொன்சாலஸ்-டொரஸின் துணைவர் ராஸ் லேகாக் 1991இல் எய்ட்ஸ் தொடர்பான நோயால் இறந்தார். அதே ஆண்டில் உருவானது 'தலைப்பற்றது (லாஸ் ஏஞ்சலிஸில் ராஸின் உருவப்படம்)' என்னும் படைப்பு. பெயர் உருவப்படம் என்றாலும் அதில் முகம் இல்லை. வண்ணத் தாள்களில் சுற்றிய மிட்டாய்களின் குவியலே உள்ளது. அதன் உகந்த எடை 175 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 79 கிலோகிராம். இது நலமாக இருந்த காலத்தில் ராஸின் எடையைக் குறிப்பதாகப் பரவலாகப் பொருள் கொள்ளப்படுகிறது.

பார்வையாளர் மிட்டாயை எடுத்துச் சுவைக்கலாம். எடுக்க எடுக்கக் குவியல் சுருங்குகிறது, நோயுற்ற உடல் மெலிவதைப் போல. ஆனால் காட்சிக்கு வைப்போர் அதனை மீண்டும் நிரப்பலாம். உடலால் இயலாமற்போன ஈடுசெய்தல் இங்கே பிறர் கையில் ஒப்படைக்கப்படுகிறது. குவியலின் எடை திரும்புகிறது. எடுத்த மிட்டாய் திரும்புவதில்லை.

அவருடைய மற்றொரு படைப்பில் ஒரே மாதிரியான இரண்டு சுவர்க்கடிகாரங்கள் ஒட்டி நிற்கின்றன. ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கும் அவை, மின்கலம் தளரத் தளர விலகிப்போகின்றன, மீண்டும் சரிசெய்யப்படலாம்.

பின்னர்

கொன்சாலஸ்-டொரஸும் 1996 ஜனவரியில் எய்ட்ஸ் தொடர்பான நோயால் மறைந்தார். அதே ஆண்டு ஜூலையில் வான்கூவரில் நடந்த உலக எய்ட்ஸ் மாநாட்டில் கூட்டு மருந்துச் சிகிச்சையின் நற்பலன்கள் எடுத்துரைக்கப்பட்டன. இழந்த சி.டி.4 அணுக்களை உடல் மீண்டும் பெருக்கிக்கொள்ள அச்சிகிச்சை வழிசெய்தது. அதற்கு முன் மறைந்தவர்களின் இழப்பை மருத்துவத்தால் நிரப்ப இயலாது. இன்றும் கலைக்கூடங்களில் யாரோ ஒருவர் மிட்டாய்க் குவியலை நிரப்பி வைக்கிறார்.