கிணற்றடி எஞ்சினைப் பழக்கிய கதை

பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறையும் எருத்தேம்பதியும் இடுக்கியின் மறையூரும் ஒன்றுக்கொன்று தொலைவானவை. ஆயினும் இவை யாவும் மழைமறைவு நிலங்கள். தமிழ் வழங்கும் எல்லையூர்கள். முன்னவற்றில் கவலை இறைத்த மாடுகளின் வேலையையும், மறையூரில் கரும்பாலை சுற்றிய மாடுகளின் வேலையையும் எஞ்சின்கள் ஏற்றுக்கொண்டன. இம்மாற்றத்தைக் குதிரைத்திறன், கடன்தொகை, வாங்கிய ஆண்டு ஆகியவற்றைக் கொண்டே எழுதிவருகிறோம். வாங்கிய எஞ்சின் வேலைக்கு எவ்வாறு பழக்கப்பட்டது என்பது ஏடேறவில்லை.

சென்னை மாகாணத்தில் கிணற்றுப் பாசனத்துக்கு எண்ணெய் எஞ்சினைப் பரப்ப முனைந்தவர்களுள் முதன்மையானவர் ஆல்பிரட் சாட்டர்டன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் அம்முயற்சியில் இறங்கினார். அன்று பாலக்காடு அம்மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. சித்தூரோ கொச்சி அரசுக்கு உட்பட்டது. பின்னர் இங்கிலாந்தின் லிஸ்டர் நிறுவனம் நிமிடத்துக்கு 600 சுற்று மட்டுமே சுழலும் 5 குதிரைத்திறன் டீசல் எஞ்சினை வெளியிட்டது. அவ்வகை எஞ்சினை ராஜ்கோட் பட்டறைகள் வார்த்தெடுத்து நாடெங்கும் பரப்பின.

புதிய சிலிண்டரின் உட்சுவர் வழவழப்பாகத் தோன்றினாலும், அதில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்கள் உண்டு. எண்ணெயைப் பிடித்துவைப்பவை அவையே. பிஸ்டன் ரிங் அச்சுவரின் முகடுகளை மெல்லத் தேய்த்துப் படியவேண்டும். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் விறைப்பு மட்டுமன்று. எரிந்த வாயுவின் அழுத்தமும்தான். சுமையின்றி நெடுநேரம் ஓடும் எஞ்சினில் அவ்வழுத்தம் போதாது. ரிங் படியாமல், சுவரில் கண்ணாடிபோன்ற பூச்சு ஏறிவிடும். பிறகு எண்ணெய் மேலேறி எரியும், நீலப்புகை வரும், கம்ப்ரஷன் குறையும், கைப்பிடி சுற்றிக் கிளப்புவது பெரும்பாடாகும். புது எஞ்சினை வருத்தக்கூடாது என்னும் பரிவே அதைக் கெடுத்துவிடுகிறது. மாறாக, முதல் நாளே முழுச்சுமை ஏற்றினால் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே சுமையைப் படிப்படியாக ஏற்றவேண்டும். சென்ட்ரிபியூகல் பம்பில் வெளியேற்றும் வால்வைச் சிறிது மூடினால் நீரும் குறையும், எஞ்சினின் சுமையும் குறையும். கரும்பாலையில் ஒருமுறை செலுத்தும் கரும்பின் எண்ணிக்கையே சுமையின் அளவு. முதல் ஓட்டத்தில் தேயும் இரும்புத்துகள் எண்ணெயில் கலப்பதால், முதலில் ஊற்றிய எண்ணெயை விரைவில் வடித்துவிடவும் வேண்டும். எண்ணெய் ஃபில்டர் இல்லாத எஞ்சினில் அத்துகள் மீண்டும் பேரிங்குக்கே போய்ச்சேரும்.

கடன் வாங்கி எஞ்சின் இறக்கிய குடியானவனுக்கு இது சிறு நுட்பமன்று. பயிர் நீருக்குக் காத்திருக்கையில் வால்வைப் பாதி மூடிவைக்கும் பொறுமை அவனுக்கு வேண்டியிருந்தது. அப்பொறுமை தவறினால் எஞ்சின் போகும், கடன் நிற்கும். எந்திரமயமாக்கத்தின் வெற்றி தோல்விகளைக் கணக்கிடும் நாம் இம்முதல் நாட்களையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

இன்றும் பழைய எஞ்சின்களுக்குப் புது லைனரும் பிஸ்டனும் போட்டு ஓட்டுவோர் உள்ளனர். லைனர் மாறியதும் அது மீண்டும் புது எஞ்சினே. பழைய பாடம் முதலிலிருந்து தொடங்குகிறது. அப்பாடத்தைக் காதால் கேட்டே, புகையின் நிறம் பார்த்தே கற்றுத்தந்த மெக்கானிக்குகள் முதுமை எய்திவிட்டனர். எல்லையூர் நண்பர்கள் தத்தம் ஊரில் அவர்களைச் சந்தித்து, அவர்கள் சொல்வதை அவர்களுடைய சொற்களிலேயே பதிவுசெய்து வைக்கவேண்டுகிறேன்.