பெயரும் எண்ணும்

செஞ்சிக்கருகில் தளவானூரில் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலின் பெயர் சத்ருமல்லேஸ்வராலயம். பகைவரோடு மல்லுக்கு நிற்பவன் என்பது அரசனின் விருது. அந்தப் பகையில் செத்தவன் யார் என்று அங்குள்ள கல்வெட்டுச் சொல்லாது; அது அதன் வேலையுமல்ல.

காலாளைத் தேடுகிறவன் மேற்கே செங்கம் பக்கம் போக வேண்டும். வழிகாட்ட, 1972இல் இரா. நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' இருக்கிறது. எடுத்தனூர் நடுகல் அதே மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. வாணகோ அரைசரின் மருமக்கள் பொற்றொக்கையார். அவருடைய சேவகன் கருந்தேவகத்தி. தன் எருமைகளைக் காக்க நின்று பட்டான். கோவிவன் என்ற நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்திருந்தது. ஆண்டு, தலைவன், பெயர், சாவின் காரணம். ஒரு வீரனின் பணிப் பதிவேட்டில் இதற்கு மேல் என்ன கேட்போம்? நாய்க்கும் பெயர் இருக்கிறது.

முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் செத்தவர்களுக்கு 1929இல் பஸ்ராவில் நினைவுச்சின்னம் திறந்தார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்க்குச் சுவரில் பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டுமே பெயர். மற்றவர்கள் பட்டாளத்தின் பெயருக்கடியில் வெறும் எண்ணிக்கை. போர்க் கல்லறை ஆணையம் 2021இல் மன்னிப்புக் கேட்டது.

பேரேடு எழுதிப் பிழைப்பவன் நான். கூட்டுத்தொகை சரியாயிருந்தால் திருப்தியடையும் பழக்கம் எனக்கும் உண்டு. எடுத்தனூரை உயர்த்திப் பேசவும் தயக்கமாயிருக்கிறது. செத்த சேவகன் எல்லோருக்கும் கல் கிடைத்திராது. கடிபட்ட கள்ளர் அங்கும் 'இருவர்'தான். பகைவன் எண்ணாகவே நிற்கிறான். பஸ்ராச் சுவரிலோ, சிப்பாய் தான் யாருக்காகச் செத்தானோ அவர்கள் கையாலேயே எண்ணாகிப்போனான்.