கிண்ணமும் தவாத்தும்

அரசாங்க இலச்சினை என்றதும் சிங்கம், கழுகு, வாள் என வீரத்தைப் பறைசாற்றும் உருவங்களே நம் நினைவுக்கு வரும். ஆனால் 1250 முதல் 1517 வரை எகிப்தையும் ஷாம் தேசத்தையும் ஆண்ட மம்லூக்குகளின் இலச்சினைகளுள் பல, வீட்டுப் பண்டங்களாகவே காணப்படுகின்றன.

காரணம் அவர்தம் பெயரிலேயே இருக்கிறது. 'மம்லூக்' என்னும் அரபிச் சொல்லுக்கு, உடைமையாக்கப்பட்டவன் என்று பொருள். இளமையில் விலைக்கு வாங்கப்பட்டு, மார்க்கக் கல்வியும் போர்ப்பயிற்சியும் பெற்று, விடுதலையாகி, அரண்மனை ஊழியத்தில் அமர்ந்தவர்கள் அவர்கள். பானம் வழங்கும் ஸாகீக்குக் கிண்ணம். உடை காக்கும் ஜம்தாருக்குத் துணி. ஆயுதம் காக்கும் ஸிலாஹ்தாருக்கு வாள். மைக்கூடு ஏந்தும் தவாதாருக்குத் தவாத். அமீராக உயர்ந்தபின் அவ்வூழியத்தின் அடையாளமே அவருடைய 'ரன்க்' ஆயிற்று. வண்ணத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல் அது. உருது அறிந்தோர் 'ரங்' என்பர்.

சுல்தான் ஸாலிஹ் அய்யூபின் உணவைச் சுவைத்துப் பார்க்கும் பணியிலிருந்த ஐபக்குக்குச் சிறு உணவு மேசை ரன்க்காக அளிக்கப்பட்டது. அவரே 1250-ல் அரியணை ஏறினார். 1294-ல் சுல்தானான கித்புகாவின் ரன்க், கிண்ணம். ஏவல் செய்த காலத்தை மறைக்க வேண்டுமென்று இவர்களுக்குத் தோன்றவில்லை. வாயிலிலேயே செதுக்கி வைத்தார்கள்!

காஹிராவின் அரசாங்கக் கடிதத் துறையில் பணிபுரிந்து 1418-ல் மறைந்த அல்கல்கஷந்தீ, தமது 'ஸுப்ஹுல் அஃஷா'வில் இவ்வழக்கத்தை விவரிக்கிறார். அமீர்களின் வீட்டு வாயில், சர்க்கரை ஆலை, தானியக் களஞ்சியம், படகு, வாள் யாவற்றிலும் ரன்க் இருந்ததாம். எழுத்தறியாத கூலியாளும் சரக்கு யாருடையது என்று அறிந்திருப்பான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எழுதியே வாழ்ந்த காதிபுகளுக்கும் உலமாக்களுக்கும் பொதுவாக ரன்க் கிடையாது. தவாத் சின்னம் வாளேந்திய அமீருக்கே உரியது!

இதனை ஐரோப்பியப் பிரபுக்களின் குலச் சின்னத்தோடு ஒப்பிடுவோர் உளர். அது முழுதும் பொருந்தாது. தந்தையின் ரன்க்கை எடுத்தாண்ட மைந்தர் சிலர் இருந்தனர். எனினும் தந்தையின் பதவி மைந்தனுக்கு உரிமையாவதில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் கிண்ணம், தவாத், துணி யாவும் ஒரே வட்டத்துள் நெருக்கமாக இடம்பெற்றன. அப்போது அது தனியொருவரின் பணியைக் காட்டவில்லை; எந்தச் சுல்தானின் மம்லூக் என்பதையே காட்டிற்று.

அமீர்கள் பள்ளிவாசல்களுக்கு வக்ஃபு செய்த கண்ணாடி விளக்குகள் சில இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. கழுத்துப் பகுதியில் ஸூரத்துந் நூரின் ஒளி வசனம். அதனிடையே வட்டத்துள் கிண்ணம். இறையில்லத்தில் மதுக் கிண்ணமா என்று முகஞ்சுளிப்போர் உண்டு. அவ்விளக்கை அளித்தவர், தாம் முன்னர் எவருடைய ஏவலாளர் என்பதையே அங்கு பொறித்திருக்கிறார்.