தொழில்வழி மறுவாழ்வு (மனநலம்)

மனநோயிலிருந்து மீள்வோரின் செயல்திறன், தன்னம்பிக்கை, சமூக உறவு ஆகியவற்றை வேலையின் வழியே மீட்டெடுக்கும் முறை. மருந்துக்கும் உளவியல் சிகிச்சைக்கும் துணையாக அமைவது.

வகைகள்: மருத்துவமனைத் தொழிற்கூடம், பாதுகாக்கப்பட்ட பணியிடம், வெளியில் வேலை பெற்றுத்தந்து தொடர்ந்து துணைநிற்கும் ஆதரவு வேலைவாய்ப்பு.

வரலாறு: 1796-இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் டியூக் தொடங்கிய இல்லம் வேலையைச் சிகிச்சையின் பகுதியாக்கியது. 1794-இல் தொடங்கிய சென்னை மனநலக் காப்பகம், கீழ்ப்பாக்கத்தில் தொழிற்சிகிச்சை மையம் நடத்துகிறது. ரொட்டி தயாரிப்பு அதன் பணிகளுள் ஒன்று. காப்பகத்தின் கண்காணிப்பாளராயிருந்த சாரதா மேனன் 1984-இல் ஸ்கார்ஃப் (மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளை) அமைப்பை நிறுவினார். அது தொழிற்பயிற்சியும் அளிக்கிறது.

சட்டநிலை: புதுச்சேரி உட்பட இந்தியா முழுவதும் பொருந்தும் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநல நிறுவனங்களில் கட்டாய வேலையைத் தடுக்கிறது, செய்த வேலைக்குத் தக்க ஊதியத்தை உரிமையாக்குகிறது.