ஒலியை மிஞ்சும் வேகமும் விமான இறக்கையும்

வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் விமானத்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தவர்கள் இறக்கையைக் கவனித்திருப்பார்கள். அது பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். தரையிறங்கும் நேரத்தில் அதன் பின்விளிம்பிலிருந்து பலகைகள் வெளியே நீண்டு கீழ்நோக்கி வளையும். இந்த இரண்டுக்கும் ஒரே காரணம்தான். வேகமாகப் பறக்க ஏற்ற இறக்கை, மெதுவாகப் பறக்க ஏற்றதல்ல. ஆனால் எவ்வளவு வேகமாகப் பறக்கும் விமானமும் கடைசியில் வேகத்தைக் குறைத்து ஓடுபாதையில் இறங்கியே ஆக வேண்டும்.

ஒலியின் வேகம் ஏன் எல்லையானது?

கடல் மட்டத்தில் ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,225 கிலோமீட்டர். குளிர் மிகுந்த 11 கிலோமீட்டர் உயரத்தில் அது சுமார் 1,060 ஆகக் குறைகிறது. ஒலியின் வேகத்தை 'மாக் 1' என்பர்.

விமானம் மெதுவாகச் செல்லும்போது அது உண்டாக்கும் அழுத்த அலைகள் முன்னே பரவுகின்றன. அதனால் எதிரே உள்ள காற்று முன்கூட்டியே விலகி வழிவிடுகிறது. விமானம் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது அந்த அலைகள் முன்னே செல்ல முடியாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து அதிர்வலையாகின்றன. இறக்கையின் மேற்புறத்தில் காற்று விமானத்தைவிட வேகமாக ஓடுவதால் அதிர்வலை முதலில் அங்கேதான் தோன்றும். உடனே காற்றுத்தடை பல மடங்கு கூடுகிறது.

1947 அக்டோபர் 14 அன்று அமெரிக்க விமானி சக் யேகர், பெல் எக்ஸ்-1 விமானத்தில் மாக் 1.06 வேகத்தை எட்டினார். அதன் இறக்கை நேரானது, ஆனால் மிக மெல்லியது.

சாய்வு தந்த தீர்வு

இறக்கையைப் பின்னோக்கிச் சாய்த்தால் அதிர்வலையின் பாதிப்பு குறையும் என்ற கருத்தை 1935இல் ரோமில் நடந்த மாநாட்டில் ஜெர்மன் அறிஞர் அடால்ஃப் பூஸ்மன் முன்வைத்தார். இறக்கையின் முன்விளிம்புக்குச் செங்குத்தாக மோதும் காற்றின் வேகமே முக்கியம். சாய்த்து வைத்தால் அந்த வேகம் குறைகிறது. இன்றைய பயணிகள் விமானங்கள் மாக் 0.8 முதல் 0.85 வரை சிக்கனமாகப் பறப்பதற்கு இந்தச் சாய்வு உதவுகிறது.

ஆனால் அதே சாய்வு, குறைந்த வேகத்தில் விமானத்தைத் தூக்கிப் பிடிக்கும் விசையையும் குறைத்துவிடுகிறது. அதை ஈடுகட்டவே தரையிறங்கும்போது அந்தப் பலகைகள் நீள்கின்றன.

கான்கார்டின் முக்கோண இறக்கை

ஒலியைப் போல் இரு மடங்கு வேகத்தில் பறந்த கான்கார்டு, 1976 ஜனவரி 21 அன்று பயணிகள் சேவையைத் தொடங்கியது. அன்று லண்டனிலிருந்து புறப்பட்ட கான்கார்டு சென்ற இடம் பஹ்ரைன். பாரிஸிலிருந்து புறப்பட்டது டாக்கர் வழியாக ரியோ டி ஜெனிரோ சென்றது.

அதன் மெல்லிய டெல்டா இறக்கை அதிவேகத்துக்குப் பொருத்தமானது. மெதுவாகப் பறக்கும்போது மூக்கை உயர்த்தினால், இறக்கையின் மேல் சுழலும் காற்று விமானத்தைத் தாங்கும். ஆனால் மூக்கு உயர்ந்தால் விமானிக்கு ஓடுபாதை தெரியாது. அதனால் மூக்கையே கீழ்நோக்கி மடங்கும்படி அமைத்தார்கள். அப்படியும் அது மணிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில்தான் தரையைத் தொட்டது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது இறக்கையின் தூக்குவிசை பின்னே நகரும். சமநிலை குலையாமலிருக்க, எரிபொருளைப் பின்பக்கத் தொட்டிக்கு பம்ப் செய்தார்கள். 2003இல் கான்கார்டு சேவை முடிவுக்கு வந்தது.

விண்வெளியிலிருந்து திரும்பும் இறக்கை

அமெரிக்க விண்வெளி ஓடம் மாக் 25 வேகத்தில் வளிமண்டலத்துக்குள் நுழைந்தது. இந்த வேகத்தில் பெரும் சவால் வெப்பம். கூரான விளிம்பு உருகிவிடும். மழுங்கிய விளிம்பாக இருந்தால் அதிர்வலை சற்று விலகி நிற்கும், வெப்பத்தின் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். எனவே ஓடத்தின் இறக்கை விளிம்புகள் மழுங்கலாகவே அமைந்தன. அப்படியும் அவை சுமார் 1,600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைத் தாங்க வேண்டியிருந்ததால், வலுவூட்டிய கார்பன் பலகைகளைப் பொருத்தினார்கள்.

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா ஓடம் புறப்பட்ட 82ஆவது விநாடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு அதன் இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. பிப்ரவரி 1 அன்று திரும்பும்போது அந்த உடைப்பின் வழியே கடும் வெப்பக்காற்று உள்ளே புகுந்து இறக்கையைச் சிதைத்தது. இந்தியாவில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் உயிரிழந்தனர்.

விண்வெளியில் இறக்கைக்கு வேலையே இல்லை. ஓடுபாதையில் இறங்கும் கடைசி நிமிடங்களுக்காகவே அதைச் சுமந்து சென்று, கடும் வெப்பத்திலிருந்தும் காப்பாற்றிக் கொண்டுவர வேண்டியிருந்தது. சோயுஸ் போன்ற கலங்கள் இறக்கை இல்லாமல் பாராசூட்டில் இறங்குகின்றன. அவற்றுக்கு இந்த ஆபத்து இல்லை. ஆனால் விரும்பிய ஓடுபாதையில் விமானம்போல் இறங்கும் வசதியும் அவற்றுக்கு இல்லை.

அடுத்த பயணத்தில் இறக்கையின் பலகைகள் நீள்வதைக் கண்டால், பிள்ளைகளுக்கும் காட்டி இந்தக் காரணத்தைச் சொல்லிக்கொடுங்கள்.